தலைவரின் சிலுவை முத்தம்

கடலோர ஊரான சேந்தன்துறையில் வீட்டுக்கு வீடு விஷக்காய்ச்சல். பெரிய வெள்ளியன்று கோயில் முற்றத்தில் சாமியார், "இந்த வருஷம் யாரும் சிலுவையை முத்தமிட வேண்டாம். தள்ளி நின்று கும்பிட்டால் போதும்" என்றார்.

ஊர்த்தலைவர் கஸ்பார் துள்ளி எழுந்தார். "விசுவாசம் உள்ளவனைக் காய்ச்சல் என்ன செய்யும் சாமி? எப்பவும் போல முதல் முத்தம் என்னுடையது. பிறகு ஊரே வரட்டும்!"



கோயில் பெருக்கும் ரெஜினாளின் மகள் காய்ச்சலில் பிழைத்ததே பெரும்பாடு. ரெஜினாள் முன்னால் வந்தாள்.

"தலைவர் சொல்றது சரிதான் சாமி. ஆனா கழுவித் துடைச்ச சிலுவையை முதல்ல முத்தமிட விசுவாசம் எதுக்கு? ஊரே இருமித் தும்மி முத்தமிட்ட பிறகு, தலைவர் கடைசியா வரட்டும். அப்பதானே அவரு விசுவாசம் ஊருக்குத் தெரியும்!"

"ஆமா, ஆமா!" என்றது கூட்டம். அதில் ஒருவன் 'அச்' என்று தும்மி, மூக்கைப் புறங்கையால் துடைத்தான்.

கஸ்பாரின் முகம் வெளிறியது. "சாமியார் பேச்சை மீறலாமா? பாவமில்லையா?" என்றார்.

அன்று ஊரே கும்பிட்டது. எல்லாரையும்விடத் தள்ளி நின்று கும்பிட்டவர் தலைவர்தான்.