உத்தியில் மிஞ்சிய தும்பை

முன்னொரு காலத்திலே, மேகங்கள் தரையை உரசிக்கொண்டு நடக்கும் நாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடி வந்தவர்கள் யார் யார்? இளவரசன் மகரந்தன், தளபதி மகள் கோமளவல்லி, செக்குக்காரர் மகள் பேச்சி, பூக்காரி மகள் மருக்கொழுந்து, படகோட்டி மகன் சங்கன், வைத்தியர் மகன் கடம்பன், கொல்லர் மகன் மாணிக்கம், சமையற்காரர் மகன் உலகன், மலையிலிருந்து புதிதாக வந்த தேன்காரர் மகள் தும்பை. ஆக ஒன்பது பேர்.

மண்ணில் கோடுகள் கிழித்துக் கிளித்தட்டு ஆடுவார்கள். இரு பக்கமும் ஆள் சேர்க்க உத்தி பிரிப்பார்கள். இளவரசனும் கோமளவல்லியும் தலைவர்கள். மற்றவர்கள் இருவர் இருவராகத் தோளில் கைபோட்டு மறைவாகப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "தாமரை வேணுமா, தாழம்பூ வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவர்கள் பெயரைச் சொல்லி ஆளை எடுப்பார்கள்.

மூன்று சோடி சேரும். தும்பை மட்டும் மிஞ்சுவாள்.

முதல் நாள் அவள் மகிழமரத்தடிக்குப் போய் நின்றாள். மரப்பொந்திலிருந்து ஒரு பூதம் மெல்லப் பேசியது.

"உன்னை யாரும் தேடமாட்டாங்க, கண்ணு. உன் நிழலைக் குடு. பூவிலே ஊஞ்சல் கட்டித் தர்றேன்."

தும்பை நிழலைக் கொடுத்தாள். காற்றே தாங்கிக்கொள்ள, பூச்சரத்தில் அசைந்து அசைந்து ஆடினாள்.

இரண்டாம் நாள், "உன்னை யாரும் தேடமாட்டாங்க, கண்ணு. உன் குரலைக் குடு. விண்மீன் தூங்குற கதை சொல்றேன்."

குரலைக் கொடுத்தாள். கதை பனியைப் போல இதமாக இறங்கியது.

மூன்றாம் நாள், "உன்னை யாரும் தேடமாட்டாங்க, கண்ணு. உன் பேரை மண்ணிலே எழுது. அப்புறம் நீ இந்த மரத்து வாசனையா இருக்கலாம். திரும்பிப் போகவே வேண்டாம்."

தும்பையின் கைகள் அதற்குள் புகையாய் வெளுத்திருந்தன. விரலால் மண்ணில் 'தும்' என்று எழுதினாள். இன்னும் ஒரே எழுத்துதான்.

அப்போது பேச்சியும் மருக்கொழுந்தும் பெயர் வைக்க அந்த மரத்தின் மறைவுக்கே வந்தார்கள்.

"நான் வானம், நீ மேகம்" என்றாள் பேச்சி.

"போடி, போன வாட்டியும் நான்தான் மேகம்!"

தும்பைக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வரவில்லை. வாசனைக்கு ஏது சிரிப்பு என்று நினைத்ததும் பயம் வந்தது. எட்டிப் பேச்சியின் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆ! யாருடி அது? அய்யோ, தும்பை! என்னடி இப்படி வெளுத்துப் போயிட்டே? உன் நிழல் எங்கே?"

"மணி அடிச்சிடும், வாடி" என்றாள் மருக்கொழுந்து. "நாமதான் ரெண்டு பேர் ஆயிட்டோமே."

"மூணு பேரா போனா காலா உடைஞ்சிடும்? தும்பை, நீ மழைடி!" பேச்சி தும்பையின் தோளில் கைபோட்டாள்.

மூவரும் போய் நின்றார்கள். "வானம் வேணுமா, மேகம் வேணுமா, மழை வேணுமா?"

இளவரசன் கால் தரித்து நிற்காமல் குதித்தான். "உத்தின்னா ரெண்டு பேர்தான்! மூணு பேரை எப்படிப் பிரிக்கிறது?"

பொந்துக்குள் பூதம் சிரித்தது. தும்பையின் தோள்களும் கரையத் தொடங்கின.

"அரண்மனையிலே எண்ணச் சொல்லித் தரலையா ராசா?" என்றாள் கோமளவல்லி. "வானமும் மேகமும் உனக்கே இருக்கட்டும். எனக்கு மழை. யாரு மழை?"

தும்பை வாயைத் திறந்தாள். "நான்!"

குரல் வந்தது. காலடியில் நிழல் விரிந்தது. கைகளில் நிறம் ஏறியது. மரத்தடியில் எழுதியதைக் காற்று அழித்தது.

"எங்க பக்கம் அஞ்சு, உங்க பக்கம் நாலு. அழக் கூடாது!" என்றான் மகரந்தன்.

மரத்திலிருந்து விம்மல் கேட்டது. "எல்லாரும் போயிட்டாங்க. ஊஞ்சல் சும்மா ஆடுது."

மற்றவர்கள் நடுங்கிப் பின்வாங்கினார்கள். தும்பை மட்டும் மரத்தைப் பார்த்துக் கத்தினாள். "எங்க பக்கம் ஒரு ஆள் குறையுது! வர்றியா?"

பூதம் வெளியே வந்தது. பனை உயரம் இருந்தது. ஓரடி வைத்ததும் தென்னை உயரம் ஆனது. அடுத்த அடியில் வாழை உயரம். ஆட்டக் கோட்டில் கால் வைத்தபோது முன்பல் விழுந்த ஒரு சின்னப் பையன்தான் நின்றான்.

"என்னை யாரும் இதுவரைக்கும் கூப்பிட்டதே இல்லை" என்றான்.

"பேச்சு அப்புறம். தட்டிலே நில்லு!" என்றாள் கோமளவல்லி.

அன்றுமுதல் அந்த மைதானத்தில் உத்திக்கு இருவரும் போகலாம், மூவரும் போகலாம் என்று ஆயிற்று. அன்றைய கிளித்தட்டில் இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். மிஞ்சியவர் ஒருவரும் இல்லை.