பூங்காவனம் அனுப்பிய கிளவுஸ்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பெயர் மாதேவி. சீடர் தீர்த்தகிரிக்கு ஐம்பதை நெருங்குகிறது. மாவு மில் வைத்திருக்கிறார். குரு சீடரை ‘அண்ணா’ என்பாள். சீடர் குருவை ‘மாஸ்டர்’ என்பார். அவர்களுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரிக்கு வெளியே, வேலை நின்றுபோன ஒரு கல் குவாரியில் மாதேவி டிரையல்ஸ் சொல்லிக் கொடுத்தாள். டிரையல்ஸ் என்றால் பைக்கை வேகமாக விரட்டுகிற விளையாட்டு இல்லை. பாறைமேல் ஆமை மாதிரி ஏறுகிற விளையாட்டு. உட்கார இடமே கிடையாது, நின்றபடிதான் ஓட்ட வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் புள்ளி ஏறும். யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்குத்தான் கப். எல்லாம் கிளட்ச்சில் இருக்கிறது. ஒற்றை விரலால் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, கல் கல்லாக ஏற வேண்டும்.

இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று ஊரில் கேட்டார்கள். தீர்த்தகிரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. மாதேவியிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்.

“சாயங்காலம் ஆனா வீட்ல இருப்புக் கொள்ள மாட்டேங்குது மாஸ்டர்.”

அவர் மனைவி பூங்காவனம் குவைத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். போய் மூன்று வருஷம் ஆகிறது. போவதற்கு முன்னால் இரண்டு பேரும் இதே குவாரிக்கு வந்து போட்டி பார்த்திருக்கிறார்கள். “உங்களுக்கெல்லாம் மொபெட்ல மாவு மூட்டை ஏத்தத்தான் வரும்” என்று அவள் அன்றைக்கு அவரைச் சீண்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

பொங்கலுக்கு லீவில் வருவதாகச் சொல்லியிருந்தாள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி. குவாரியில் கடைசியாக நிற்பது கூன்பாறை. அதை அவள் கண்ணெதிரே, கால் ஊன்றாமல், ஒரே ஒரு தடவை ஏறிக் காட்டிவிட வேண்டும். அதுதான் அவர் ஆசை. கப்பை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஆனால் ஏற முடியவில்லை. பாறையின் முதுகு வளைகிற இடத்துக்கு வந்ததும் கிளட்ச் சட்டென்று விட்டுப்போகும். பைக் துள்ளும். கால் இறங்கிவிடும். தினமும் அதே இடம், அதே கால்.

குறை காலில் இல்லை, கையில் என்று மாதேவிக்குத் தெரியும். தீர்த்தகிரி போட்டிருந்தது பூங்காவனம் அனுப்பிய கிளவுஸ். லீவில் வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தாள். கறுப்புத் தோல். விரல் முட்டிகளுக்கு மேல் கெட்டியான மூடி, உள்ளங்கையில் மெத்தை. ஹைவேயில் விழுந்தால் கையைக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் குவாரிக்கு வருவார், போட்டுக்கொண்டுதான் டீ குடிப்பார்.

ஒருநாள் அவரே கேட்டார்.

“மாஸ்டர், இதுக்கு எந்த கிளவுஸ் நல்லது?”

“இப்ப என்னத்துக்குக் கேக்கறீங்க?”

“கூடக் கத்துக்கற பசங்க என் கையைப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள் மாதேவி.

மறுநாள் காலையில் அவள் ஒரு பை கேழ்வரகோடு மில்லுக்கு வந்தாள்.

“களிக்கு வேணும்ணா. நைஸா அரைச்சுக் குடுங்க.”

தீர்த்தகிரி மிஷினைப் போட்டார். மாவு விழ ஆரம்பித்ததும் பழக்கத்தில் கை தானாகக் கீழே போனது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கப் போனார்.

“கிளவுஸ் போட்டுக்கிட்டுப் பாருங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் குரு சொன்னால் சொன்னதுதான். ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு மாவைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

“நைஸா இருக்காண்ணா?”

“தெரியலையே.”

யாரும் சொல்லாமலே கிளவுஸைக் கழற்றினார். மாவைத் தொட்டார். “இன்னும் கொஞ்சம் அரைபடணும்” என்று கல்லை இறுக்கினார். மாவு வந்ததும் மாதேவி பையை வாங்கிக்கொண்டாள்.

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே மாஸ்டர்.”

“மாவு நல்லா வந்திருக்கு” என்றபடி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குவாரியில் தன் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தாள். மெல்லிசு. மேலே வெறும் துணி, உள்ளங்கையில் ஒற்றைத் தோல், மெத்தை கிடையாது. தீர்த்தகிரி போட்டுக்கொண்டு ஏறினார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது. இன்ஜின் அதிர்வதுகூடத் தெரிந்தது. முதுகு வளைகிற இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய்விட்டார். அதற்கப்புறம்தான் கால் இறங்கியது.

மாதேவி கை தட்டினாள். தீர்த்தகிரி கீழே வந்து கிளவுஸைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டார்.

“ஏண்ணா? நல்லாத்தானே போனீங்க?”

“நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா இதுக்குள்ள யாரும் இல்லை.”

“அதுக்குள்ள?”

அவர் தன் கறுப்பு கிளவுஸை மடியில் வைத்துத் தடவினார். “வாங்கறப்ப கடையில நின்னு அவ இதுக்குள்ள கையை விட்டுப் பாத்திருப்பா இல்ல?”

மாதேவி மெல்லிசு ஜோடியை உள்ளே வைத்தாள். பெட்டியை மூடிவிட்டாள்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தீர்த்தகிரி வழக்கத்தைவிட முன்னாலேயே குவாரிக்கு வந்தார். பைக்கைத் தொடவில்லை. கூன்பாறைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். கையில் கறுப்பு கிளவுஸ் போட்டிருந்தார்.

“வண்டியை எடுக்கலையாண்ணா?”

“லீவு இல்லையாம் மாஸ்டர்.”

மாதேவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு உடம்பு முடியலையாம். இப்ப போகக் கூடாதுன்னுட்டாங்களாம். சித்திரைக்குப் பாக்கலாம்னு சொல்றாங்க. போன வருஷமும் சித்திரைன்னுதான் சொன்னாங்க. போன்ல அவளே அழறா. நான் என்னத்தைச் சொல்ல? பரவாயில்லை, வேலையைப் பாருன்னேன்.”

“போட்டிக்கு உங்க பேரைக் குடுத்துட்டேனே” என்றாள் மாதேவி.

“எடுத்துடுங்க. நான் யாருக்கு ஏறிக் காட்டறது? எனக்கு அவளைப் பாக்கணும் மாஸ்டர். அவ்வளவுதான். வேற ஒரு எழவும் வேணாம்.”

குவாரிக் குட்டையில் யாரோ எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாதேவி கேட்டாள்.

“கிளவுஸுக்கு அளவு எப்படிண்ணா அனுப்பினீங்க?”

“காகிதத்துல கையை விரிச்சு வெச்சு, சுத்திக் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஏன்?”

மாதேவி எழுந்து போய் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

“ஹேண்டில்பாரைப் பிடிங்க.”

பிடித்தார்.

“உள்ளங்கையில என்ன தெரியுது?”

“கிளவுஸ் தோல் மடிஞ்சு நிக்குது. அந்த இடத்துலதான் கொப்புளம் வருது.” சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “பெருசா வாங்கிட்டாளா?”

தன் கை அவளுக்கு மறந்துபோயிற்றோ என்று அவர் குரலில் இருந்த பயம் மாதேவிக்குப் புரிந்தது.

“விடுங்க. கையை விரிங்க.”

விரித்தார். எங்கேயும் மடிப்பு இல்லை. விரல் நுனிவரை அச்சாகப் பொருந்தியிருந்தது.

“அவங்க சரியாத்தான் வாங்கியிருக்காங்க” என்றாள் மாதேவி. “நீங்க விரிச்ச கையை அனுப்பினீங்க. அவங்க விரிச்ச கைக்கு வாங்கிட்டாங்க.”

தீர்த்தகிரி விரித்த கையைக் கீழே போடவில்லை. அப்படியே முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏர்போர்ட்ல இப்படித்தான் காட்டிக்கிட்டு நின்னேன்” என்றார். “கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவ திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா. கூட்டத்துல மறைஞ்சு போயிட்டா. அப்புறமும் நான் கையை இறக்கலை.”

மாதேவி தலையாட்டினாள்.

பிறகு அவர் கேட்டார். முதல் தடவை கேட்ட அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை பசங்க சிரிப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அப்ப நான் எந்த கிளவுஸ்தான் வாங்கறது மாஸ்டர்?”

“டாட்டா காட்டின கைக்கு அளவு குடுத்துட்டீங்கண்ணா” என்றாள் மாதேவி. “அவங்க வந்ததும் அவங்க கையைப் பிடிக்கப் போறீங்களே, அந்த மடக்கின கைக்கு வாங்குங்க.”

தீர்த்தகிரி கிளவுஸை விரல் விரலாகக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வெறுங்கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. பிடித்தபடியே நின்றார்.