பதினோராவது டேக்

எடிட்டிங் அறைக்குள் வந்த தெய்வானை உட்காரக்கூட இல்லை.

"ரெண்டு ஷாட் இருக்குதுங்க சார். எதை வெக்கறது, எதைத் தூக்கறது? அதை மட்டும் சொல்லுங்க."

கோயம்புத்தூரில் அந்தத் திரைப்படப் பள்ளியில் எடிட்டிங் சொல்லிக்கொடுத்த இர்ஃபான் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நாற்பத்து மூன்று வயதில் டிப்ளமோ படிக்க வந்தவளை வகுப்பில் எல்லோரும் ஆன்ட்டி என்றார்கள். அவர் மட்டும் அக்கா என்றார்.

"ரெண்டையும் போடுங்கக்கா. பார்ப்போம்."

படம் ஏழு நிமிடம். கதை, தெய்வானை கண்ணால் கண்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் டெய்லராக இருந்தபோது பக்கத்து மெஷின் பவுனாத்தாளுடையது. தன்னைக் கேட்காமல் கொள்ளாமல், காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று, சூப்பர்வைசர் பவுனாத்தாளை எழுப்பி நிற்கவைத்தான். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி உட்காரலாம் என்றான். காலை டீ நேரத்தில் நின்றவள் சாயங்காலம் மணி அடிக்கும்வரை நின்றாள். வாயைத் திறக்கவில்லை. மணி அடித்ததும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவள் அந்தப் பக்கம் திரும்ப வரவே இல்லை.

அன்று முழுக்கத் தெய்வானை தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் பவுனாத்தாளாக நடித்ததும் பவுனாத்தாளேதான். முதல் ஷூட்டிங்கில் ஒரே டேக். இரண்டு நிமிடம் நின்றாள். பார்த்தாள். பையை எடுத்தாள். போனாள்.

தேர்வுக் குழுவில் இருந்த மூன்று பேருக்கும் அது பிடிக்கவில்லை. "கல்லு மாதிரி நிக்கறாங்க. பாக்கறவனுக்கு எப்படி மனசு இளகும்? ரீஷூட் பண்ணுங்க. அழட்டும், கையெடுத்துக் கும்பிடட்டும்" என்றார் குழுத் தலைவர். வருடக் கடைசித் திரையிடலுக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான்.

தெய்வானை ரீஷூட் செய்தாள். கிளிசரின் போட்டும் பத்து டேக் சரியாக வரவில்லை. பதினோராவதில் பவுனாத்தாள் அழுதாள், கும்பிட்டாள். மத்தியானம் சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு ஷாட்டையும் இர்ஃபான் பார்த்து முடித்தார். அழுகிற ஷாட் அழகாகவே இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் கண்ணீர் பளிச்சென்று தெரிந்தது.

"இதை எங்க வெட்டினீங்க?"

"நான் கட் சொன்ன இடத்துலதானுங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்னங்க இருக்கும்? சும்மா ஓடிட்டு இருந்திருக்கும்."

இர்ஃபான் மவுஸை வாங்கினார். வெட்டிய முனையைப் பிடித்து வலது பக்கம் இழுத்துவிட்டார். வெட்டிப்போன மிச்சம் திரும்ப வந்தது.

"ஓட விடுங்க."

திரையில் தெய்வானையின் குரல் கட் என்றது. "சூப்பருங்கக்கா! இதேதான், இதேதான்!" ஒரு கை துண்டை நீட்டியது. தெய்வானையின் கை. பவுனாத்தாள் அதை வாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"போதுமா தெய்வானை?"

ஷாட் முடிந்தது.



"அந்த சூப்பர்வைசருக்கு ஒரு நாள் முழுக்க நிக்க வெச்சும் கிடைக்கலை" என்றார் இர்ஃபான். "உங்களுக்குப் பதினோராவது டேக்ல கிடைச்சிருச்சு."

தெய்வானைக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கென்னங்க சார், சொல்லிப்போட்டுப் போயிருவீங்க! சின்னப் பசங்களோட ஒரு வருசம் உக்காந்து படிச்சிருக்கேன். என் படம் ஓடோணும்ல?"

"ஓடணும்."

"அப்ப எதை வெக்கறது?"

இர்ஃபான் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார்.

தெய்வானை வெகுநேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அழுகிற ஷாட்டைப் படத்திலிருந்து தூக்கினாள். குழு சொன்னதற்காக இருபது வினாடியாகச் சுருக்கியிருந்த பழைய ஷாட்டை இழுத்து, இரண்டு நிமிடமும் முழுதாக வைத்தாள். பின்னணி இசையையும் எடுத்துவிட்டாள். மெஷின் சத்தம் மட்டும் போதும் என்று பட்டது.

இர்ஃபான் டீயோடு வந்தபோது கேட்டாள்.

"சார், அந்தப் 'போதுமா'வைக் கடைசியில சேத்தினா பிரமாதமா இருக்குமுங்க. சேத்தட்டுமா?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அன்னைக்கிருந்து போனே எடுக்கறதில்லீங்க."

இர்ஃபான் டீயைக் குடித்தார். தெய்வானை அந்த ஷாட்டையே முழுதாக அழித்தாள்.

மறுநாள் குழு படத்தைப் பார்த்தது. அந்த இரண்டு நிமிட ஷாட் ஓடும்போது தலைவர் நெளிந்தார்.

"ரீஷூட் பண்ணலையாம்மா?"

"பண்ணுனேனுங்க."

"அழுதாங்களா?"

"அழுதாங்க."

"அப்புறம் எங்க அது?"

"அழிச்சுப்போட்டேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"யாரையும் கேக்கலீங்க. எடுக்கறதுக்கு முன்னாடியே அக்காவைக் கேட்டிருக்கோணும், கேக்கல. எங்க பவுனாத்தாக்கா அந்த ஆளுகிட்ட மன்னிப்புக் கேக்கல. அழுகல. என் படத்துலயும் அழுக மாட்டாங்க."

"இப்படியே இருந்தா லிஸ்ட்ல வராதும்மா. வருத்தம் தெரிவிச்சு ஒரு லெட்டர் கொடுங்க. இன்னொரு நாள் கேமரா தரச் சொல்றோம்."

தெய்வானை லெட்டர் கொடுக்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். பதினான்கு படங்கள். அவளுடையது இல்லை.

நேரே எடிட்டிங் அறைக்குப் போனாள்.

"ஒரே ஒரு ஷாட்டுங்க சார். அதை வெச்சிருந்தா பெரிய திரையில ஓடியிருக்கும்."

"வருத்தமா இருக்கா?"

"கோவமா இருக்குது. ஆனா நூறு வாட்டி கேட்டாலும் வெக்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அக்காதான் இன்னும் பேச மாட்டீங்கறாங்க. படத்தை யாருக்குங்க போட்டுக் காட்டறது?"

இர்ஃபான் அலமாரியைத் திறந்து தன்னுடைய சின்ன புரொஜெக்டரை எடுத்தார். ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"பவுனாத்தாக்கா வீட்டுச் சுவத்துக்கு வெள்ளை அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.