கட்டிலை எங்கே போட?

செம்மணல் மேடுகளாகக் கிடந்த தேரியின் ஓரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவி செண்பகவல்லி அம்மைக்கு அப்போது வயது முப்பத்தாறு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பூவலிங்கத்துக்கு ஐம்பத்து நான்கு.

பூவலிங்கம் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர். “என் கை பட்டா எலும்பு பேசாம ஒட்டிக்கிடும்” என்று சந்தையில் நின்று சொல்லுவார். ஒருமுறை அவர் போட்ட கட்டுக்குள் ஒரு பெண்ணின் கால் அழுகிப்போனது. அவள் பிழைக்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயது.

அன்றோடு அவர் எலும்பைத் தொடுவதை விட்டார். மடத்துக்கு வந்து தண்ணீர் இறைத்தார், முற்றம் பெருக்கினார். இரண்டு வருஷம் போனது.

ஒருநாள் கேட்டார். “அம்மா, மனுஷன் கையில என்னதான் இருக்கு?”

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“எனக்கும் அது தெரியணும்னு ஆசைதான். தெரிஞ்சா சொல்றேன்.”

மறுபடி கீரையை எடுத்தார்.

சித்திரை மாதம் ஒரு காலையில் நாலு பேர் ஒரு நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குள் வந்தார்கள். கட்டிலில் சிவனணைந்தான் கிடந்தான். பனையேறி. மட்டை முறிந்து, பாதி மரத்திலிருந்து விழுந்திருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்திருந்தது. அவன் மனைவி பத்திரக்கனி நேராக வந்து பூவலிங்கத்தின் காலைப் பிடித்தாள்.

“வைத்தியரே, நீங்க இங்க இருக்கியன்னு சொன்னாவ. காப்பாத்துங்க.”

“நான் விட்டுட்டேன், தாயி. அவனவன் தலையில எழுதினதுதான் நடக்கும். நான் கட்டி என்ன ஆகப்போகுது?”

கட்டுப் போடும் வேறு வைத்தியர் ஒரு நாள் வண்டிப் பயணத் தொலைவில் இருந்தார். கால் கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது.

அம்மை எழுந்து வந்தார். பழந்துணியும் மூங்கில் பத்தைகளும் கொண்டுவரச் சொன்னார். கட்டிலருகே உட்கார்ந்து, பத்தைகளைக் காலில் வைத்துத் துணியைச் சுற்றத் தொடங்கினார். சிவனணைந்தான் அலறினான்.

பூவலிங்கம் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். பாதம் வெளிப்பக்கமாகக் கோணிக் கிடந்தது. அப்படியே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார் அம்மை.

“ஐயோ, அப்படி இல்லம்மா!” வாளி கீழே விழுந்தது. “இழுத்து நேராக்காம கட்டினா கோணிக்கிட்டில்லா சேரும்! நகருங்க!”

அம்மை நகர்ந்துகொண்டார்.

காலை இழுத்து, தடவி, நேராக்கி, உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசிப் பூவலிங்கம் கட்டி முடிக்க உச்சி வெயில் ஆகிவிட்டது. அன்று மட்டும் ஏழு தடவை போய் அவன் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. மறுநாளும் பார்த்தார். கட்டு இறுகியதாகத் தோன்றினால் பிரித்து மறுபடி கட்டினார்.

“தெரியாமத்தான் அப்படிக் கட்டினீங்களா அம்மா?” என்று கேட்டார்.

“எலும்பைப் பத்தி எனக்கு என்ன தெரியும் வைத்தியரே?”

நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. எலும்பு நேராகச் சேர்ந்துவிட்டது. பூவலிங்கம் கட்டைப் பிரித்து, “காலை ஊணு” என்றார். சிவனணைந்தான் ஊன்றவில்லை.

“பனை என்னைத் தள்ளிவிட்டுட்டு. இனி காலு எந்திரிக்கணும்னு இருந்தா எந்திரிக்கும்” என்றான்.

கால் மெலிந்துகொண்டே வந்தது. பத்திரக்கனி ஊட்டிவிட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், முகம் துடைத்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பூவலிங்கம் அம்மையிடம் போனார்.

“நான் திரும்ப ஏறுவேனான்னு கேக்கான். ஏறுவன்னு சொன்னா பொய்யாப் போகலாம். எழுதினபடி நடக்கும்னு சொன்னா காலை அசைக்கவே மாட்டான். எதைச் சொல்ல?”

“இதுவரைக்கும் என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“அதுவே நல்லது” என்ற அம்மை, ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டிலை முற்றத்தின் நடுவே கொண்டுவரச் சொன்னார்.

“சிவனணைஞ்சான், கட்டிலை எங்க போடணும்?”

“எங்கயாச்சும் போடுங்கம்மா.”

“எங்கயாச்சும்ங்கிற இடம் மடத்துல இல்லையே. நீ சொல்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

எல்லோரும் தள்ளி நின்றார்கள். வெயில் ஏறியது. பத்திரக்கனி முந்தானையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அம்மை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அவன்கிட்ட கேளு, நிழல் வேணுமான்னு.”

“கேக்கணுமாம்மா? பாத்தாத் தெரியல?”

“எனக்குத் தெரியுது. அவன் சொல்லணும்.”

அவள் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியில் வியர்வை வழிந்து காதுக்குள் இறங்கியது. பூவலிங்கத்தால் பார்க்க முடியவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. என்ன ஆகும் என்று அறிய, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“ஏய், என்னைய என்ன கருவாடுன்னு நெனச்சியளா?” என்று சிவனணைந்தான் கத்தினான். “அந்த வேம்பு அடியில தூக்கிப் போடுங்க!”

நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள்.

“தலை எந்தப் பக்கம்?” என்றார் அம்மை.

அவன் அவரை முறைத்தான். “கிழக்க” என்றான்.

அன்றிலிருந்து மடத்தில் ஒரு வழக்கம் வந்தது. அவனைக் கேட்காமல் அவனுக்கு ஒன்றும் செய்யக்கூடாது. கஞ்சியா, களியா? வேட்டி வெள்ளையா, காவியா? எண்ணெய் இப்போது தேய்க்கவா, வெயில் தாழ்ந்த பிறகா? முதலில் ஒரு சொல்லில் பதில் சொன்னான். பிறகு குறை சொல்லத் தொடங்கினான். கஞ்சியில் உப்புப் போதாது, எண்ணெய் சூடு பத்தாது.

பத்திரக்கனி பூவலிங்கத்திடம் சொன்னாள், “கல்யாணம் ஆன புதுசுலகூட இவ்வளவு பேசல வைத்தியரே.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

பத்தாவது நாள் அவன் கேட்டான். “வைத்தியரே, இன்னைக்கு நாலு எட்டு வைக்கட்டா?”

“வை.”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தான். மறுநாள் ஆறு. அதற்கடுத்த நாள் அவர் வேண்டாம் என்று சொல்லியும், யாரையும் பிடிக்காமல் பன்னிரண்டு எட்டு வைக்கப் போய், பத்தாவது எட்டில் விழுந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. பூவலிங்கம் பதறி ஓடிவந்து தூக்கினார். இனி எழுந்திருக்கமாட்டான் என்றே நினைத்தார்.

சிவனணைந்தான் மண்ணைத் தட்டிக்கொண்டான்.

“ஒம்பதோட நிறுத்தியிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்.”

பூவலிங்கம் அவன் முகத்தையே பார்த்தார்.

ஆடி பிறந்தபோது அவன் தானாக நடந்தான். ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. எண்ணெய், ஒத்தடம், உருவல் எல்லாம் செய்து பார்த்தும் மடங்கவில்லை. மடங்காத கணுக்காலை வைத்துக்கொண்டு பனை ஏற முடியாது. ஒரு மாலையில் பூவலிங்கம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னார். சந்தையில் பேசிய குரல் அல்ல அது.

“ஏற முடியாதுப்பா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன்.”

சிவனணைந்தான் அழுதான். மறுநாள் கஞ்சியா களியா என்று கேட்கப் பத்திரக்கனிக்கு மனம் வரவில்லை. அவன்தான் கூப்பிட்டான்.

“ஏட்டி, கஞ்சி இருக்கா? நாளைக்குப் பனைவிளைக்குப் போவோம். மரத்துல என் தம்பி ஏறட்டும். பதநீரை நான் காய்ச்சுதேன். எத்தனை நாளுதான் நீயே அடுப்புப் புகையில கிடப்ப?”

அவர்கள் மடத்தை விட்டுப் போனார்கள். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவன் தேரி மணலில் காலை இழுத்து இழுத்துப் பனைவிளைக்குப் போவதை மடத்து வாசலிலிருந்து பார்க்கலாம்.

பூவலிங்கத்துக்குப் பழைய கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. ஒருநாள் மணலில் இறங்கிப் போய் அவனை மறித்துப் பேசிவிட்டு வந்தார். வந்தவர், அம்மை வெளியே வரும் நேரம் பார்த்து வாசலில் நின்றார். கை ஒடிந்த ஓர் அம்மாள் வைத்தியரைத் தேடி வந்து முற்றத்தில் காத்திருந்தாள்.

“அம்மா, எனக்கு இது தெரிஞ்சாகணும். எலும்பு சேந்துச்சு, கணுக்கால் மடங்கல. அவன் நடந்தான், ஏற முடியல. இதுல அவன் கையில இருந்தது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு?”

“அவனைக் கேட்டீங்களா?”

“இப்பத்தான் கேட்டுட்டு வாறேன்.”

“என்ன சொன்னான்?” அம்மையின் கண்களில் உண்மையான ஆவல் இருந்தது.

“அடுப்புல பதநீர் கிடக்கு வைத்தியரே, வழியை விடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

அம்மை முற்றத்தில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு வாசலை அடைத்து நின்ற சீடரைப் பார்த்தார்.

“விடுங்க, வைத்தியரே.”