மூன்று பங்கு பிரஷர்

கொம்பேறிப்பாளையத்துச் சென்னியப்பனும் தம்பிகள் இருவரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பலாப்பழமானாலும் சரி, அதைத் தின்று வந்த வயிற்றுவலியானாலும் சரி, மூன்று பங்கு.

மூத்தவர் சென்னியப்பனுக்குக் கண்ணில் புரை. போன முகூர்த்தத்தில் மணப்பெண்ணை விட்டுவிட்டு, வாசல் வாழைமரத்துக்குத் திருநீறு பூசி, "நல்லா இரு கண்ணு" என்று வாழ்த்திவிட்டு வந்தார். அடுத்த மாதம் சொந்த மகளுக்கே கல்யாணம்.

கண் டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். நூற்றி எண்பத்தாறு.

"நூத்தி நாப்பதுக்குக் கீழே வந்தாத்தான் ஆபரேஷன். மாத்திரை போடுங்க, உப்பைக் குறைங்க. காலையும் சாயங்காலமும் அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்துட்டு, அளந்து, நோட்டுல எழுதிட்டு வாங்க."

மெஷின் வாங்கினார்கள். மறுநாளும் அதே நூற்றி எண்பத்தாறு. நடுத்தம்பி ராக்கியப்பனுக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, இத்தனையும் நீங்க ஒருத்தரே சுமந்தா எப்படிங்க? நாங்க எதுக்கு இருக்கறோம்?"

"பங்கு போட்டுருவோம்," என்றான் கடைசித் தம்பி மாரப்பன். "ஆளுக்கு அறுபத்திரண்டு."

"தோட்டத்தையே பிரிக்காத குடும்பம்டா," என்றார் சென்னியப்பன். " இதைப் பிரிச்சா ஊர் என்ன பேசும்?"

"ஊருக்கு எதுக்குங்கண்ணா சொல்லோணும்?"

அண்ணன் கண்கலங்கிச் சம்மதித்தார். மாத்திரையையும் மூன்றாக உடைத்துக்கொண்டார்கள். அண்ணன் குறைத்த உப்பு வீணாகக் கூடாதென்று தம்பிகள் தின்றார்கள். அளந்ததில் அண்ணன் பங்கு மட்டும் இரண்டு வேளையும் தவறாமல் நோட்டில் ஏறியது. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்து மூன்று.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா நோட்டைப் பிரித்தார்.

"அறுபத்திரண்டா! இது நிஜம்னா ஆள் இந்நேரம் செத்தில்ல போயிருக்கணும்!"

ராக்கியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணா! போயிட்டீங்களே!" என்று கதறினான். மாரப்பனும் அழுதான். அண்ணனும் தன் பங்குக்கு அழுதார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேடா," என்றார் நடுவில்.

"உங்களுக்குத்தான் கண்ணே தெரியாதுங்களே," என்றான் ராக்கியப்பன்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, தானே பட்டையைச் சுற்றி அளந்தார். "பாருங்க! நூத்தித் தொண்ணூத்தி நாலு!"

அழுகை சட்டென்று நின்றது.

"செத்ததுக்கப்புறமே இத்தனைன்னா," என்று மாரப்பன் வாயைப் பிளந்தான், "உசுரோட இருந்தப்ப எத்தனை இருந்திருக்கும்!"

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார்.

"செத்தவனுக்கு எதுக்குங்கம்மா பிரஷர் கணக்கு? கண்ணை இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி உடுங்க. புள்ள கல்யாணத்தைப் பார்த்துக்கறேன். என்னை மறுநாள் சுடுகாட்டுக்கு எடுத்துக்கட்டும்."