நுண்ணி நாக்கை அடைத்துக்கொண்டது

அந்தக் காலத்தில் கடலில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. சுறா அதட்டும். சாளை மீன் கூட்டங்கூட்டமாக வம்பளக்கும். நண்டுக்கு யாரைக் கண்டாலும் சண்டை. இவற்றின் பேச்சை நம்பி எந்த மனுஷனும் கடலில் இறங்கியது கிடையாது. கரைக்காரர்கள் நம்பியது பொடிச்சிப்பிகளை மட்டும்தான்.

பொடிச்சிப்பி என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ரவை அளவு இருந்தாலே அதிகம். கடல்நீரைக் குடித்து, அதிலுள்ள சுண்ணாம்பை எடுத்து, தனக்கொரு சின்ன அறை கட்டிக்கொள்ளும். உடம்பு வளர்ந்தால் பக்கத்தில் இன்னொரு அறை. அவ்வளவுதான் அதன் பிழைப்பு. ஆனால் நீரோட்டம் போகும் பக்கமெல்லாம் மிதந்து போவதால், தண்ணீர் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, ஓட்டம் எப்போது திரும்பும், மேகம் திரளுமா திரளாதா என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. படகைத் தள்ளுவதற்கு முன்னால் ஒரு கை தண்ணீர் அள்ளி, காதருகே வைத்து, "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் பொடிச்சிப்பி உள்ளதை உள்ளபடி சொல்லும்.

அப்படிச் சொல்பவர்களில் நுண்ணி என்று ஒருத்தி இருந்தாள். கரையில் இருந்த உமையாளுக்கும் இவளுக்கும் ரொம்ப ஒட்டு. உமையாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலையோரம் வந்து உட்காருவாள். குழிந்த தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் அள்ளி மடியில் வைத்துக்கொள்வாள். அதற்குள் இருந்து நுண்ணி பேசுவாள். இரண்டு பேரும் பேசத் தொடங்கினால் உலை கொதித்து அடங்கினாலும் பேச்சு அடங்காது.

ஒரு வருஷம் நுண்ணி வந்தபோது குரலே சரியில்லை.

"அக்கா, தெக்கே இருந்து ஏறி வருமே சூட்டுத் தண்ணி, அது இந்தத் தடவை வரல. நான் குடிச்சுப் பாத்துட்டேன். ஒரே குளிர்ச்சி. ஓட்டமும் செத்துக்கிட்டே வருது."

"செத்துச்சுன்னா?"

"படகை வெளியே கொண்டுபோற ஓட்டம் இன்னும் கொஞ்சம் இருக்கு. திரும்பக் கொண்டுவாற ஓட்டம் இல்ல. மழையும் இல்லக்கா. அந்தச் சூட்டுத் தண்ணி மேலதானே மேகம் கட்டும்? ஊரை எழுப்பிக்கிட்டு ஆத்துப் பக்கமாப் போயிருங்க."

உமையாளின் கண் போனது கடற்கரையில் நட்டிருந்த கொடிமரத்துக்கு. கொடி ஏறியிருந்தது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலம்மாவுக்குக் கொடி ஏற்றினால், அது இறங்கும்வரை யாரும் கடலைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. பெற்ற தாய்க்குப் படையல் போட்டு வைத்துவிட்டு அவளையே ஏசுவீர்களா? அப்படித்தான் அவர்களுக்கும். பேசினால் அந்த வீட்டுப் படகைக் கரையில் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு அந்த வீட்டு ஆண்பிள்ளை கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

கொடி ஏறியதும் சாமிக்கு மீன் கொண்டுவரப் போகும் முதல் படகு அந்த வருஷம் உமையாளின் புருஷன் மாசாணத்துக்கு. அவன் எத்தனையோ காலமாகக் காத்திருந்து கிடைத்த மரியாதை. தண்ணீர் சரியில்லை என்று நுண்ணி சொல்லிவிட்டால் அது போய்விடும்.

"ஏட்டி நுண்ணி," என்றாள் உமையாள், குரலைத் தாழ்த்தி. "ஒன் கையைப் பிடிச்சுக் கேக்கேன்னு வச்சுக்கோ. நாளைக்கு அவுக தண்ணி அள்ளிக் கேக்கும்போது நல்லா இருக்குன்னு சொல்லிரு. கொடி இறங்கட்டும். அப்புறம் நானே ஊரைக் கூட்டிச் சொல்லுதேன்."

"அக்கா, நாங்க பொய் சொன்னதே இல்ல."

"ஒரு தடவைதானட்டி! எப்படியும் அவுக கிட்டத்துலதான் வலை போடுவாக. சாமிக்குப் போற படகுதானே, போன சுருக்குல திரும்பிருவாக. எனக்காகச் சொல்ல மாட்டியா?"

எனக்காக. இந்த ஒரு வார்த்தை கெடுத்த குடிகள் எத்தனை! நுண்ணிக்கு உமையாளைத் தவிர கரையில் யாரும் இல்லை. சரி என்றாள்.

மறுநாள் காலை மேளச் சத்தம் காதைப் பிளந்தது. மாசாணம் மாலையும் கழுத்துமாகத் தண்ணீருக்குள் இறங்கினான். ஒரு கை அள்ளினான்.

"தாயி, தண்ணி எப்படி இருக்கு?"

நுண்ணி கரையைப் பார்த்தாள். உமையாள் குழந்தையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு அத்தான்," என்றாள் நுண்ணி. "நல்லா இருக்கு."

மாசாணத்துக்குத் தலைகால் புரியவில்லை. "ஏலே, கேட்டியளா? நல்லா இருக்காம்! அப்புறம் எதுக்குலே கிட்டத்துல வலை போடணும்? ஆழத்துக்கே போவோம். எல்லாரும் வாங்கலே!" என்று கத்தினான். ஊரிலிருந்த அத்தனை படகும் அவன் பின்னால் கிளம்பின. கிழவர்கள்கூட ஏறிக்கொண்டார்கள். உமையாள் ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினாள். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? வழியனுப்புகிறாள் என்று நினைத்து மாசாணம் துண்டை வீசிக் காட்டினான்.

போனவர்கள் போனவர்கள்தான். வெளியே கொண்டுபோன ஓட்டம் அவர்களை நடுக்கடலில் விட்டுவிட்டுச் செத்துப்போனது. காற்றும் இல்லை. துடுப்புப் போட்டுப் போட்டுக் கை விட்டுப்போய், குடிதண்ணீர் தீர்ந்து, ஒவ்வொரு படகாகக் கடலுக்குள் அமிழ்ந்தது. கொடி இறங்கியது. இறக்கியது பெண்கள்தான், ஆண் என்று சொல்ல ஊரில் யாரும் இல்லை.

மழையும் ஏமாற்றியது. கிணறு உப்பாகி, பிறகு வற்றி, அடியில் சேறுதான் கிடந்தது. உயிர் இருந்தவர்கள் ஆற்றைத் தேடி நடந்தார்கள். உமையாள் மட்டும் போகவில்லை. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை அழுவதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. அதை மணலில் புதைத்துவிட்டு அலையோரம் வந்தாள்.

சிரட்டையில் தண்ணீர் அள்ளினாள்.

"நீ பொய் சொன்னே," என்றாள்.

"நீதானேக்கா சொல்லச் சொன்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

யார் யாரை ஏச? வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் உமையாள் சொன்னாள்: "இந்த நாக்கு இருக்கே, இது ஆகாதுட்டி. ஒருத்தி கெஞ்சினா வளையும், ஒருத்தன் அதட்டினா வளையும். இனிமே நீங்க சொல்லுறதை யாரும் மாத்தச் சொல்ல முடியாதபடி எங்கேயாவது வச்சிருங்க."

அவ்வளவு சொல்லிவிட்டு அவளும் கடலுக்குள் நடந்தாள். நுண்ணி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது.

அதன்பின் நுண்ணி ஒரு காரியம் செய்தாள். குடித்த தண்ணீரின் குளிர்ச்சியைச் சுண்ணாம்போடு குழைத்தாள். கடைசி அறை ஒன்று கட்டினாள். தன் நாக்கை அதற்குள் வைத்து, வாசலைப் பூசி அடைத்தாள். கனம் தாங்காமல் கீழே இறங்கினாள். அக்காவையும் அத்தானையும் தேடிக்கொண்டு, வெளிச்சம் போகாத ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போனாள். அவள் இனத்தார் எல்லோரும் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். வெள்ளை வெள்ளையாக விழுந்து, படகுகளை மூடி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேறாகப் படிந்தார்கள். இன்றைக்கும் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இப்போது பெரிய கப்பலில் படித்தவர்கள் வருகிறார்கள். அடிச் சேற்றில் நீளமான குழாயை இறக்கி, வெளியே எடுத்துத் தள்ளுகிறார்கள். சேறு குழாய்ப்புட்டு மாதிரி அடுக்கு அடுக்காக வருகிறது. அதிலிருந்து ஒரு பொடிச்சிப்பியை எடுத்துக் கரைத்து, அந்தச் சுண்ணாம்பில் இருக்கும் குளிர்ச்சியை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல ஓட்டம் நின்னுருக்கு சார், மழையும் பொய்ச்சிருக்கு," என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். யாருக்குச் சொல்ல வேண்டிய சேதி அது! அந்தச் சேற்றிலேயே மாசாணமும் உமையாளும் கிடக்கிறார்கள்.

அன்று முதல்தான் பொடிச்சிப்பிகள் உயிரோடு இருக்கும்வரை வாய் திறப்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் போன பிறகு, செத்துக் கிடந்து உண்மையைச் சொல்கின்றன.