வழுக்கை விழுந்த ரத்தினக் கம்பளம்

நல்லியங்கோட்டைப் பாளையத்தை ஆண்ட வரதப்ப நாயக்கருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று அவருடைய மீசை. மற்றொன்று மதுரை மன்னர் பரிசாக அனுப்பிய ரத்தினக் கம்பளம். சிவப்புக் கம்பளி இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டுக் கையால் நெய்தது. மேலே வரிசை வரிசையாகப் பச்சைக் கிளிகள். மீசையை அவரே பார்த்துக்கொள்வார். கம்பளத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது.

"இதை எப்படிப் பராமரிப்பது? யாருக்காவது தெரியுமா?" என்று சபையில் கேட்டார்.

கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத நோய் படித்தவர்களில் சிலருக்கு உண்டு. அரசவைப் புலவர் கூத்தபிரானுக்கு அது முற்றிப் போயிருந்தது. எழுந்துவிட்டார்.

"முகப்பில் அடிக்கக் கூடாது, மகாராஜா. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்ட வேண்டும். இழை சாய்ந்த பக்கமாகவே பெருக்க வேண்டும், பூனையைத் தடவுவது போல. ஏதாவது சிந்தினால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முக்கியமாக, அறுவடைக்கு அறுவடை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் ஒரே இடம் தேய்ந்து போகும்."

எல்லாம் ஏட்டில் படித்தது. வீட்டில் கோரைப் பாயைச் சுருட்டச் சொன்னால் தன்னையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும் ஆசாமி அவர். மன்னருக்கு அது எப்படித் தெரியும்? அப்போதே அவரைக் கம்பளக் காவலர் ஆக்கிவிட்டார்.

"ஆனால் புலவரே, திருப்பிப் போடுகிற கதை மட்டும் வேண்டாம். இப்போது கிளிகள் எல்லாம் சிம்மாசனத்தைப் பார்த்திருக்கின்றன. திருப்பினால் எனக்கு வாலையல்லவா காட்டும்?"

"ராஜத் துரோகம்!" என்றார் அரண்மனை மணியம் சொக்கப்பர். புலவரின் ஆசனத்தில் தம் மருமகனை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கூத்தபிரான் வாயை மூடிக்கொண்டார். சாஸ்திரம் பெரிதுதான். வேலை அதைவிடக் கொஞ்சம் பெரிது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். உள்ளே வருகிற எவரும் சிம்மாசனத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நெற்றியை அங்கே விரித்திருந்த கம்பளத்தில் தேய்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். எல்லோரும் விழுந்தது ஒரே இடத்தில். விழுந்தார்கள், எழுந்தார்கள், வருஷங்கள் ஓடின.

ஒருநாள் காலையில் மன்னர் தற்செயலாகக் குனிந்து பார்த்தார். காலடியில் கம்பளத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. முன்வரிசைக் கிளி ஒன்றுக்குத் தலையே இல்லை.

"நாளைக்கு மதுரைத் தூதர் வருகிறார்!" என்று கர்ஜித்தார் மன்னர். "அவர்கள் கொடுத்த பரிசை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவன் என்று என்னைப் பற்றிப் போய்ச் சொல்ல மாட்டாரா? யார் இதைத் தேய்த்தது? பொழுது சாய்வதற்குள் அவன் என் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்!"

"இதில் விசாரணை எதற்கு, மகாராஜா? காவலர்தான் பக்கத்திலேயே நிற்கிறாரே" என்றார் சொக்கப்பர். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?"

"மணியம் சொல்வது சரி. நான் சுரைக்காய்தான், அதிலும் முற்றல்" என்றார் கூத்தபிரான். "ஆனால் மகாராஜா கேட்பது காவல் காத்தவனை அல்ல, தேய்த்தவனை. தேய்ந்திருப்பது நாங்கள் விழுந்து கும்பிடும் இடம். ஆகவே, மகாராஜாவை அதிகமாக வணங்கியவர் எவரோ அவரே குற்றவாளி."

மன்னர் மணியம் பக்கம் திரும்பினார்.

"சொக்கப்பரே! 'மகாராஜாவை என்னைப் போல் விழுந்து கும்பிடுகிறவன் பூமியிலேயே இல்லை' என்று நேற்றுக்கூடச் சொன்னீரே?"

"நானா? அது ஒரு பேச்சுக்குச் சொன்னது, மகாராஜா! எனக்கு முட்டி வலி. பாதிதான் குனிவேன். என் நெற்றி தரையைத் தொட்டதே கிடையாது."

"நான் விழுவது மாதிரி ஒரு பாவனை செய்வேன், அவ்வளவுதான்" என்றார் தளபதி.

"நான் தூண் மறைவிலேயே நின்றுவிடுவேன்" என்றார் ஜோசியர். "கிரகங்கள் சாட்சி."

மன்னரின் மீசை தொங்கிப் போயிற்று. "அப்படியென்றால் இத்தனை காலமாக என்னை ஒருவருமே வணங்கவில்லையா?"

கூத்தபிரான் தலைப்பாகையைக் கழற்றினார். நெற்றியிலிருந்து உச்சி வரை பளபளவென்று வெட்டவெளி.

"நான் வணங்கினேன், மகாராஜா. இதோ அத்தாட்சி. நான் கம்பளத்தைத் தேய்த்தேன், கம்பளம் என்னைத் தேய்த்தது. கம்பளத்துக்குப் போனது ஒரு சாண் இடம். எனக்குப் போனது முழு மைதானம். என்னை நாடு கடத்துவதென்றால் கடத்துங்கள். ஆனால் கம்பளத்தின் மேல் நான் கொடுக்கும் பிராதையும் விசாரித்துவிட்டுக் கடத்துங்கள்."

மன்னர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். மீசை துடித்தது. "குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரே ஆளையும் துரத்திவிட்டால் என்னைக் கும்பிட யார் மிஞ்சுவார்? அது கிடக்கட்டும். நாளைக்குத் தூதரிடம் என்ன சொல்வது?"

"உள்ளதைச் சொல்லுங்கள். பெட்டியில் பூட்டிய பரிசு தேயாது, பூச்சிதான் அரிக்கும். 'உங்கள் மன்னர் கொடுத்ததை நடுச்சபையில் விரித்தோம். எங்கள் பாளையமே அதன்மேல் நெற்றி தேய்த்தது' என்று சொல்லுங்கள்."

மறுநாள் மன்னர் அப்படியே சொன்னார். தூதர் வழுக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கள் பரிசுகள் மற்ற பாளையங்களில் பரணில் தூங்குகின்றன. இங்கேதான் ஒன்று உழைத்திருக்கிறது" என்று மனம் குளிர்ந்து போனார்.

தூதர் புறப்பட்டதும் மன்னர் கூத்தபிரானை அழைத்தார். தம் சரிகைத் தலைப்பாகையைக் கழற்றி அவருக்குச் சூட்டினார்.

"இனிமேல் எல்லோரும் நின்று கும்பிட்டால் போதும். கம்பளத்தையும் உம் சாஸ்திரப்படி திருப்பிப் போடும். கிளிகள் வாலைக் காட்டினால் காட்டட்டும்; முகத்தைக் காட்டியவர்களின் லட்சணத்தைத்தான் நேற்றுப் பார்த்தேனே! உமக்கு வேறென்ன வேண்டும், கேளும்."

"ஒன்றே ஒன்று, மகாராஜா" என்றார் கூத்தபிரான். "கம்பளத்தைத் திருப்பும்போது என் தலையையும் முன்பின்னாகத் திருப்பிப் போட வழியுண்டா என்று அரண்மனை வைத்தியரைக் கேட்டுச் சொல்ல வேண்டும். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இழை மிச்சமிருக்கிறது."